ரோட்டரி இன்ஜினின் சிசி கணக்கு: சந்தேகங்களும் விளக்கங்களும்

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரில் உள்ள ரோட்டரி இன்ஜினை அதைத் தயாரித்த நிறுவனம் 1.3 லிட்டர் என்கிறது. ஆண்டின் சிறந்த இன்ஜினுக்கான சர்வதேச விருதுக் குழு 2003-இல் அதே இன்ஜினை 2.5 முதல் 3 லிட்டர் வரையிலான பிரிவில் சேர்த்துப் பரிசு கொடுத்தது. ஜப்பானிய வாகன வரிக் கணக்கில் அது 1.96 லிட்டர். இல்லை, 3.9 லிட்டர் என்று வாதிடுபவர்களும் உண்டு. ஒரு இன்ஜினுக்கு நான்கு அளவுகள் எப்படி வந்தன, எதை நம்புவது என்று வாகன ஆர்வலர்களும் பொறியியல் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான விளக்கங்கள் இவை.

பைக்குக்கும் காருக்கும் சொல்லும் சிசி, இன்ஜினில் எதன் அளவு?

பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் எவ்வளவு இடம் கூடுதலாகத் திறக்கிறதோ, அந்த இடத்தின் கன அளவுதான் சிசி. சிலிண்டரின் மொத்த இடம் அல்ல. பிஸ்டன் மேலே இருக்கும்போது உள்ள இடத்துக்கும் கீழே இருக்கும்போது உள்ள இடத்துக்குமான வித்தியாசம் மட்டுமே.

ஹீரோ ஹோண்டா சிடி100 பைக்கை எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் பயணிக்கும் தூரம் 49.5 மி.மீ. வட்டத்தின் பரப்பைத் தூரத்தால் பெருக்கினால் 97.2 கன சென்டிமீட்டர் வரும். அதுதான் நாம் பேச்சுவாக்கில் '100 சிசி' என்று சொல்வது.

கூடுதலாக ஒரு வித்தியாசத்தை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் இந்த 97 சிசி அளவுக் கலவையை ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இழுப்பதில்லை. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றினால்தான் ஒரு முறை இழுக்கும். சிசி என்ற எண்ணுக்குப் பின்னால் 'எத்தனை சுற்றுக்கு' என்ற கேள்வி எப்போதும் இருக்கிறது. பிஸ்டன் இன்ஜின்களைத் தங்களுக்குள் ஒப்பிடும்போது அதை யாரும் கேட்க வேண்டியதில்லை. ரோட்டரி வந்ததும் கேட்டே ஆக வேண்டியதாகிவிட்டது.

ரோட்டரியில் சிலிண்டரும் இல்லை, மேலும் கீழும் போகும் பிஸ்டனும் இல்லை. பிறகு எதை அளக்கிறார்கள்?

ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல் உருவாக்கிய இன்ஜின் இது. நெக்கர்சுல்ம் நகரில் இருந்த என்எஸ்யூ நிறுவனத்தில் 1957-இல் முதல் மாதிரி ஓடியது. இன்று நாம் காணும் எளிய வடிவத்தை அதே நிறுவனத்தின் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே அடுத்த ஆண்டே கொண்டுவந்தார். 1964-இல் என்எஸ்யூ ஸ்பைடர் காரில் அது விற்பனைக்கு வந்தது. ஒரே ஒரு ரோட்டர், 497.5 சிசி.

அதன் உள்ளே வேர்க்கடலை ஓடு போல நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கிய ஒரு கூடு இருக்கிறது. அதை ஹவுசிங் என்பார்கள். அதற்குள் மூன்று பக்கங்களும் புடைத்த ஒரு முக்கோண ரோட்டர் சுழல்கிறது. ரோட்டரின் மூன்று முனைகளும் எப்போதும் கூட்டின் சுவரைத் தொட்டபடியே நகரும். ஆகவே, ரோட்டரின் ஒவ்வொரு பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு அறை உண்டாகிறது. மொத்தம் மூன்று அறைகள். ரோட்டர் சுழலச் சுழல ஒவ்வொரு அறையும் விரியும், சுருங்கும், மறுபடி விரியும், மறுபடி சுருங்கும். உள்ளிழுத்தல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் என்ற நான்கு வேலைகளும் அந்த விரிதலிலும் சுருங்கலிலுமே நடந்துவிடும்.

ஒரு அறை முழுதாக விரிந்த நிலையில் உள்ள அளவிலிருந்து, முழுதாகச் சுருங்கிய நிலையில் உள்ள அளவைக் கழித்தால் அதுதான் ஒரு அறையின் சிசி. இதுவரை பிஸ்டன் இன்ஜினுக்கும் இதற்கும் இலக்கணம் ஒன்றுதான். இந்த இடத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. சண்டை தொடங்குவது, ஒரு அறையை எண்ணுவதா, மூன்றையும் எண்ணுவதா என்ற இடத்தில்.

ஒரு அறையின் அளவைக் கணக்கிடச் சூத்திரம் உண்டா?

உண்டு, மிக எளிய சூத்திரம். மூன்று அளவுகள் தெரிந்தால் போதும். ஒன்று, ரோட்டரின் ஆரம். அதாவது ரோட்டரின் மையத்திலிருந்து முனை வரையிலான தூரம். இரண்டு, மையவிலகல், ரோட்டரைச் சுமக்கும் ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து ரோட்டரின் மையம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. மூன்று, ரோட்டரின் அகலம்.

ஒரு அறையின் அளவு = 3 × √3 × மையவிலகல் × ஆரம் × அகலம்

3 × √3 என்பது 5.196. ஆர்எக்ஸ்-8 காரில் உள்ள மாஸ்டாவின் 13பி வகை இன்ஜினில் மையவிலகல் 15 மி.மீ., ஆரம் 105 மி.மீ., அகலம் 80 மி.மீ. பெருக்கிப் பாருங்கள்: 5.196 × 15 × 105 × 80 = சுமார் 6,54,700 கன மில்லிமீட்டர். ஆயிரத்தால் வகுத்தால் 654 சிசி. இரண்டு ரோட்டர் இருப்பதால் 1308 சிசி. நிறுவனம் சொல்லும் '1.3 லிட்டர்' இதுதான்.

இந்தச் சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாஸ்டாவின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு அழகு தெரியும். 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் காரில் வந்த 10ஏ, பிறகு வந்த 12ஏ, அதன் பின் 13பி ஆகிய மூன்றிலும் ஆரமும் மையவிலகலும் மாறவே இல்லை. ரோட்டரின் அகலம் மட்டும் 60, 70, 80 மி.மீ. என்று வளர்ந்தது. அளவும் அதே விகிதத்தில் 491, 573, 654 சிசி என்று ஏறியது. கூட்டின் வடிவத்தைச் செதுக்கும் இயந்திரங்களை மாற்றாமல் இன்ஜினைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

2023-இல் எம்எக்ஸ்-30 ஆர்-ஈவி காரில் மின்சாரம் உற்பத்தி செய்வதற்காக வந்த 8சி இன்ஜினின் அளவுகள் இவற்றிலிருந்து வேறுபட்டவை: ஆரம் 120, மையவிலகல் 17.5, அகலம் 76 மி.மீ. சூத்திரத்தில் போட்டால் 829 சிசிக்குச் சற்றுக் கூடுதலாக வரும். நிறுவனம் 830 என்று அறிவித்திருக்கிறது. ஒரே ரோட்டர் என்பதால் அதுவே மொத்த அளவு.

பிரித்துப்போட்ட இன்ஜின் ஒன்று கையில் இருக்கிறது. என்ன மாடல் என்றே தெரியவில்லை. அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹவுசிங் ஒன்று இருந்தால் போதும். அதன் உட்புறத்தில் மிக நீளமான இடத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு, இடுப்பு ஒடுங்கிய இடத்தின் குறுக்களவை எடுங்கள். 13பி ஹவுசிங்கில் இவை 240 மி.மீ., 180 மி.மீ. என்று வரும். இரண்டையும் கூட்டி நான்கால் வகுத்தால் ஆரம்: 420-ஐ வகுக்க 105. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து நான்கால் வகுத்தால் மையவிலகல்: 60-ஐ வகுக்க 15. ஹவுசிங்கின் தடிமன்தான் அகலம். அதை வெர்னியரில் எடுத்துவிடலாம்.

மையவிலகலைச் சரிபார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது. ரோட்டரைத் தாங்கும் எசென்ட்ரிக் ஷாஃப்ட்டை இரண்டு வி-பிளாக்குகளின் மேல் வைத்து, அதன் புடைப்பின் மேல் டயல் கேஜை நிறுத்தி ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் காட்டும் மொத்த ஏற்ற இறக்கத்தில் பாதிதான் மையவிலகல். 13பி ஷாஃப்ட்டில் 30 மி.மீ. ஏற்ற இறக்கம் இருக்கும். அவ்வளவு தூரம் அளக்கக்கூடிய நீளமான கேஜ் வேண்டும்; 10 மி.மீ. கேஜ் போதாது.

மையவிலகலில் ஏற்படும் சிறு பிழை விடையைப் பெரிதாகப் பாதிக்கும் என்பதைக் கவனியுங்கள். அகலத்தில் அரை மில்லிமீட்டர் தவறினால் 13பி கணக்கில் 4 சிசிதான் மாறும். மையவிலகலில் அரை மில்லிமீட்டர் தவறினால் 22 சிசி மாறிவிடும். பழைய ஹவுசிங்காக இருந்தால் சுவர் தேய்ந்திருக்கும். ஒன்றுக்கு இரண்டு முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

சூத்திரமெல்லாம் வேண்டாம், ஸ்பார்க் பிளக் துளை வழியாக எண்ணெய் ஊற்றி அளக்க முடியாதா?

பாதி வேலைக்கு முடியும். அறை முழுதாகச் சுருங்கிய நிலையில் பிளக் துளைகள் அந்த அறைக்குள் இருக்கும். ஆகவே அந்தக் குறைந்தபட்ச அளவை, பியூரெட்டில் எண்ணெய் எடுத்து ஊற்றி அளந்துவிடலாம். ஆனால் பிளக்குகள் கூட்டின் இடுப்புப் பகுதியில் பொருத்தப்பட்டவை. அறை முழுதாக விரிந்து நிற்கும்போது அது இடுப்பைத் தாண்டி நீள்பக்க முனைக்குப் போய்விடும். பிளக் துளைக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது. அதனால் அதிகபட்ச அளவை அந்த வழியில் எடுக்க முடியாது. பக்கத் தகட்டைக் கழற்றி, ஹவுசிங்கைப் படுக்க வைத்து, ரோட்டரின் முனைகளில் உள்ள சீல்களுக்குக் கிரீஸ் தடவி, மேலே துளையிட்ட அக்ரிலிக் தகடு ஒன்றை வைத்து ஊற்றினால்தான் அது கிடைக்கும்.

எண்ணெய் ஊற்றுவதால் கிடைக்கும் உண்மையான பயன் வேறு. அது அழுத்த விகிதத்தைக் காட்டித் தரும். ஆர்எக்ஸ்-8 இன்ஜினின் அழுத்த விகிதம் 10:1. அதாவது, விரிந்த அளவு சுருங்கிய அளவைப் போல் பத்து மடங்கு; இரண்டுக்குமான வித்தியாசம் ஒன்பது மடங்கு. அறையின் 654 சிசியை ஒன்பதால் வகுத்தால் குறைந்தபட்ச அளவு சுமார் 73 சிசி என்று தெரியும். மாஸ்டாவின் கடைசி ஆர்எக்ஸ்-7 காரின் டர்போ இன்ஜினில் விகிதம் 9:1. அங்கே எட்டால் வகுக்க வேண்டும், சுமார் 82 சிசி.

இந்த இடத்தில் கூட வரும் சந்தேகம் ஒன்று உண்டு. ரோட்டரின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதை ஆழமாக்கினால் சிசி கூடுமா என்று கேட்பார்கள். கூடாது. பள்ளம் அறை விரிந்தபோதும் இருக்கிறது, சுருங்கியபோதும் இருக்கிறது. கழிக்கும்போது அடிபட்டுப் போகும். ரோட்டரின் பக்கம் எவ்வளவு புடைத்திருக்கிறது என்பதும் அதே காரணத்தால் கணக்கில் வருவதில்லை. சூத்திரம் இவ்வளவு எளிதாக இருப்பதற்குக் காரணமும் அதுவே. பள்ளத்தின் ஆழம் மாறினால் அழுத்த விகிதம் மட்டும் மாறும்.

ரோட்டருக்கு மூன்று பக்கம். மூன்று பக்கத்திலும் எரிபொருள் எரிகிறது. அப்படியானால் 654-ஐ மூன்றால் பெருக்க வேண்டாமா?

இதுதான் மையமான கேள்வி. பொறுமையாகப் பார்ப்போம்.

ரோட்டரும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. ரோட்டரின் உட்பல் சக்கரத்தில் 51 பற்கள், நிலையாக நிற்கும் பல் சக்கரத்தில் 34 பற்கள்; இது மாஸ்டா இன்ஜின்களில் உள்ள எண்ணிக்கை. இந்த 3:2 விகிதத்தின் விளைவாக, ஷாஃப்ட் மூன்று முறை சுற்றும்போது ரோட்டர் ஒரே ஒரு முறை சுற்றும். டாக்கோ மீட்டரில் 9000 காட்டினால் ரோட்டர் 3000 முறைதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ரோட்டரின் ஒரு சுற்றில் மூன்று அறைகளும் தத்தமது நான்கு வேலைகளையும் முடித்துவிடும். அதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றியிருக்கும். ஆகவே ஷாஃப்ட்டின் ஒரு சுற்றுக்கு, ஒரு ரோட்டரில் ஒரு அறைதான் காற்றை இழுக்கிறது, ஒரு அறைதான் எரிகிறது. ஒரு அறையை மட்டும் எண்ணி '654' என்று சொல்பவர்களின் நியாயம் இது. ஒரு சுற்றுக்கு உள்ளே போகும் அளவை அவர்கள் சொல்கிறார்கள்.

மூன்றையும் எண்ணுபவர்களின் நியாயம் வேறு. பிஸ்டன் இன்ஜினில் நாலு சிலிண்டர் இருந்தால் நாலையும் கூட்டுகிறோம். எல்லா சிலிண்டரும் ஒரு முறை வேலையை முடிப்பதற்கு ஆகும் மொத்த அளவுதான் சிசி. அதே முறைப்படி ரோட்டரியில் எல்லா அறைகளையும் கூட்டினால் இரண்டு ரோட்டருக்கு ஆறு அறை, 3924 சிசி. தர்க்கத்தில் பிழை இல்லை. ஆனால் பிஸ்டன் இன்ஜின் தன் வேலையை முடிக்க எடுத்துக்கொள்வது ஷாஃப்ட்டின் இரண்டு சுற்று. ரோட்டரி எடுத்துக்கொள்வது மூன்று சுற்று. வேறு வேறு கால அளவில் நடந்த வேலையை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது முறையாகாது.

இருவரையும் ஒரே அளவுகோலில் நிறுத்த வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் பிஸ்டன் இன்ஜினின் சிசி என்பது இரண்டு சுற்றுக்கு உள்ளே போகும் அளவு. ரோட்டரியிலும் இரண்டு சுற்றை எடுப்போம். ஒரு ரோட்டர் இரண்டு சுற்றில் இரண்டு அறைகளை நிரப்பும். இரண்டு ரோட்டர் நான்கு அறைகளை நிரப்பும். 4 × 654 = 2616 சிசி. 2.6 லிட்டர் என்ற எண் இப்படித்தான் வருகிறது.

எண்களால் சோதித்துப் பார்க்கலாம். ஷாஃப்ட் 9000 ஆர்பிஎம்-இல் சுற்றும்போது, அறைகள் முழுதாக நிரம்புவதாக வைத்துக்கொண்டால், ஆர்எக்ஸ்-8 இன்ஜின் நிமிடத்துக்கு 1308 × 9000, அதாவது 11,772 லிட்டர் காற்றை இழுக்கும். 2616 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் பிஸ்டன் இன்ஜினும் 9000 ஆர்பிஎம்-இல் இதே 11,772 லிட்டரைத்தான் இழுக்கும். 3924 சிசி பிஸ்டன் இன்ஜின் இந்த அளவை 6000 ஆர்பிஎம்-இலேயே இழுத்துவிடும். ஆக, 3.9 என்று சொல்பவர்கள் கூடவே ஆர்பிஎம்-ஐயும் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துச் சொல்ல வேண்டும். டாக்கோ மீட்டரில் 9000 என்று பார்த்துக்கொண்டே 3.9 லிட்டர் என்றும் சொன்னால் ஒரே வேலையை ஒன்றரை முறை எண்ணியதாகும்.

என் தீர்ப்பு இது: ஃபோர் ஸ்ட்ரோக் பிஸ்டன் இன்ஜினோடு ஒப்பிடும்போது 13பி-யை 2.6 லிட்டராக எண்ணுவதே நேர்மை.

அப்படியென்றால் 1.3 லிட்டர் என்பது பொய்யா?

இல்லை. ரோட்டருக்கு ஒரு அறை என்று எடுத்து இரண்டு ரோட்டர்களுக்கும் கூட்டினால் 1308 சிசிதான். டூ ஸ்ட்ரோக் இன்ஜினோடு ஒப்பிட்டால் இதே எண் அப்படியே பொருந்தும். டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் தன் முழு அளவையும் இழுக்கிறது. ரோட்டரியின் கணக்கும் அதுதான்.

தமிழ்நாட்டுச் சாலைகளில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறோம். யமஹா ஆர்எக்ஸ்100-இன் சிலிண்டர் விட்டம் 50, பிஸ்டன் தூரமும் 50 மி.மீ.; 98 சிசி. மேலே சொன்ன சிடி100-க்கும் இதற்கும் அளவில் ஒரு சிசிதான் வித்தியாசம். ஆனால் டூ ஸ்ட்ரோக்கான ஆர்எக்ஸ்100 கொடுத்தது 11 குதிரைத்திறன்; ஃபோர் ஸ்ட்ரோக்கான சிடி100 கொடுத்தது ஏழெட்டு. ஒரே சிசி, ஆனால் ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் எரிகிறது, மற்றது ஒன்றுவிட்ட சுற்றில் எரிகிறது. இதைத் தெரிந்துகொண்ட எந்த மெக்கானிக்கும் சிசியை மட்டும் பார்த்து இந்த இரண்டு பைக்குகளையும் எடை போடமாட்டார். ரோட்டரிக்கும் அதே பார்வை வேண்டும்.

1.3 லிட்டரில் 250 குதிரைத்திறன் என்பது பெரிய சாதனை என்கிறார்களே?

ஜப்பானில் விற்ற உயர்ரக ஆர்எக்ஸ்-8 காரின் திறன் 250 பிஎஸ். 1.3 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 190-க்கு மேல் வரும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு அது நம்ப முடியாத எண். 2.6 லிட்டரால் வகுத்தால் 96 வரும். நல்ல எண்தான், ஆனால் அதிசயம் அல்ல. அதே காலத்தில் ஹோண்டா எஸ்2000 கார் 1997 சிசி பிஸ்டன் இன்ஜினில் இதே 250 பிஎஸ் கொடுத்தது, லிட்டருக்கு 125.

ரோட்டரியின் பெருமையை இந்த எண்ணில் தேடுவது அதற்குச் செய்யும் அநீதி. வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை, மேலும் கீழும் அடிக்கும் பாகம் இல்லை, அதிர்வு மிகக் குறைவு, கையடக்கமான உருவம். 250 பிஎஸ் கொடுக்கும் பொருள் முன் அச்சுக்குப் பின்னால், தாழ்வாக உட்கார முடிந்ததே, அதுதான் சாதனை. மறுபக்கத்தில், 1.3 லிட்டர் என்று நம்பி வாங்கியவர்கள் பெட்ரோல் செலவைப் பார்த்து அதிர்ந்தார்கள். 2.6 லிட்டர் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகத்தானே செய்யும்? நீண்டு தட்டையான எரி அறையில் வெப்பம் சுவரில் வீணாவதும் சேர்ந்துகொள்ள, கணக்கு இன்னும் மோசமாகும். சிறிய சிசி சொல்லி விற்பது வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்கிறது என்பதே என் வருத்தம்.

வரி போடும் அரசுகள் எந்த எண்ணை எடுத்துக்கொள்கின்றன?

இந்தியாவில் பைக்குக்கு 350 சிசி, பெட்ரோல் காருக்கு 1200 சிசி என்று எல்லை போட்டு வரியைப் பிரிப்பது போல, ஜப்பானில் ஆண்டு வாகன வரி 500 சிசி படிகளில் ஏறும். ரோட்டரி கார்கள் அதிகம் ஓடும் நாடு என்பதால் அங்கே தனி விதி உண்டு: அறை அளவை 1.5-ஆல் பெருக்க வேண்டும். 1308 × 1.5 = 1962. ஆகவே ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 உரிமையாளர்கள் 2 லிட்டருக்கு உட்பட்ட படியில் வருகிறார்கள். 2019 அக்டோபருக்கு முந்தைய விகிதப்படி அந்தப் படிக்கு ஆண்டுக்கு 39,500 யென். இரண்டால் பெருக்கியிருந்தால் 2.6 லிட்டராகி 51,000 யென் படிக்குப் போயிருக்கும்.

1.5 என்ற எண் இன்ஜினின் அமைப்பிலிருந்து கிடைப்பதல்ல. ஒரு சுற்றுக் கணக்குக்கு 1, இரண்டு சுற்றுக் கணக்குக்கு 2, எல்லா அறைகளுக்கும் 3; நடுவில் 1.5-க்கு இயந்திர ரீதியாக இடமில்லை. அது நிர்வாகம் வகுத்த நடுவழி. வரி விதிக்க அது போதும்; இன்ஜினைப் புரிந்துகொள்ள உதவாது.

பந்தயங்களில் என்ன செய்கிறார்கள்? லே மான்ஸில் ஜெயித்ததால் ரோட்டரியைத் தடை செய்துவிட்டார்கள் என்பது உண்மையா?

1991 ஜூனில் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டா 787பி கார் 362 சுற்றுகள் ஓடி வென்றது. ஜானி ஹெர்பர்ட், ஃபோல்கர் வைட்லர், பெர்ட்ராண்ட் காஷோ மூவரும் ஓட்டினார்கள். அதில் இருந்த ஆர்26பி இன்ஜினில் நான்கு ரோட்டர்கள்; 4 × 654 = 2616 சிசி. பிஸ்டன் கணக்குக்கு மாற்றினால் 5.2 லிட்டர்.

அந்தக் கார் ஓடிய பிரிவில் சிசிக்கு எல்லையே இருக்கவில்லை. பந்தயம் முழுவதற்கும் இவ்வளவு பெட்ரோல்தான் என்ற கட்டுப்பாடு இருந்தது. ஆகவே சிசி கணக்கில் சலுகை பெற்று ஜெயித்தது என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. எடையில் சலுகை கிடைத்தது உண்மை: மாஸ்டா 830 கிலோ, போட்டியாளர்களான ஜாகுவாரும் மெர்சிடிஸும் 1000 கிலோ. 3.5 லிட்டர் பிஸ்டன் இன்ஜின் மட்டுமே என்ற புதிய விதியோ 1991 பந்தயத்துக்கு முன்பே முடிவானது. வெற்றிக்குப் பழிவாங்கிய தடை அல்ல அது.

சிசி சண்டை உண்மையில் சூடாக நடந்தது பைக் பந்தயங்களில்தான். நார்ட்டனின் ரோட்டரி பைக்கில் 294 சிசி அறை கொண்ட இரண்டு ரோட்டர்கள், மொத்தம் 588. அதை 588 என்று எடுப்பதா, இரட்டித்து 1176 என்று எடுப்பதா என்பதைப் பொறுத்து அது எந்தப் பிரிவில் நிற்கும் என்பதே மாறிவிடும். 1992-இல் ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டிடி பந்தயத்தில் ஸ்டீவ் ஹிஸ்லப் அந்த நார்ட்டனில் வந்து, 750 சிசி யமஹாவில் வந்த கார்ல் ஃபோகார்ட்டியைத் தோற்கடித்தார். அந்தப் பந்தயத்தை ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். 588-ஆ 1176-ஆ என்ற வாதமும் கூடவே தொடர்கிறது.

பிஸ்டன் இன்ஜினின் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கிச் சிசியைக் கூட்டுவது போல ரோட்டரியில் செய்ய முடியுமா?

முடியாது. கூட்டின் உட்சுவரை இஷ்டத்துக்குக் கடைந்தால் முனை சீல்கள் சுவரைத் தொடாது. கூட்டின் வடிவத்தை மாற்றாமல் அளவைக் கூட்ட இரண்டே வழிகள்: அகலமான ரோட்டர், அல்லது கூடுதல் ரோட்டர். 1990-இல் யூனோஸ் காஸ்மோ காரில் மூன்று ரோட்டர் வைத்த 20பி இன்ஜின் வந்தது இரண்டாவது வழியில், 1962 சிசி. காற்று நுழையும் போர்ட்டைப் பெரிதாக்கினாலோ டர்போ மாட்டினாலோ உள்ளே போகும் காற்று கூடுமே தவிர சிசி மாறாது.

முதல் உலகப் போர் விமானங்களிலும் ரோட்டரி இன்ஜின் இருந்ததாகப் படித்தேன். அதற்கும் இந்தக் கணக்குதானா?

பெயர்தான் ஒன்று, பொருள் வேறு. ஷாஃப்ட்டை அசையாமல் நிறுத்தி, வட்டமாக அடுக்கிய சிலிண்டர்களையே விசிறியோடு சேர்த்துச் சுற்றவிட்ட இன்ஜின் அது. உள்ளே வழக்கமான பிஸ்டன்கள்தான் இருந்தன. ஆகவே சிலிண்டர் கணக்கே போதும். சாப்வித் கேமல் விமானத்தில் இருந்த கிளெர்ஜே 9பி இன்ஜினில் ஒன்பது சிலிண்டர், விட்டம் 120, பிஸ்டன் தூரம் 160 மி.மீ.; மொத்தம் 16.3 லிட்டர்.

கல்லூரி புராஜெக்ட்டில் ரோட்டரியையும் பிஸ்டன் இன்ஜினையும் ஒரே அட்டவணையில் காட்ட வேண்டும். எந்த எண்ணை எழுதுவது?

ஒரு எண்ணை மட்டும் எழுதாதீர்கள். முதல் கட்டத்தில் '654 சிசி × 2 ரோட்டர்' என்று எழுதுங்கள். அது இன்ஜினின் உருவத்தைச் சொல்லும். அடுத்த கட்டத்தில் 'ஷாஃப்ட்டின் இரண்டு சுற்றுக்கு 2616 சிசி' என்று எழுதுங்கள். லிட்டருக்கு எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு பெட்ரோல் என்ற ஒப்பீடுகளை இந்த எண்ணை வைத்தே செய்யுங்கள். 3924-ஐ எழுத விரும்பினால் பக்கத்திலேயே 'மூன்று சுற்றுக்கு' என்று சேர்த்துவிடுங்கள். சுற்று எண்ணிக்கை குறிப்பிடாத ரோட்டரி சிசியைத் தேர்வாளர் கேள்வி கேட்டால் அது நியாயமான கேள்விதான்.